"ஆளுக்கு 2,950தான், வேறொன்றும் வராது" என்றார்கள்: 18,533 ரூபா போனது

நேற்று இரவு நடந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்பின்னாகத்தான் வரும்.

அம்மா அப்பாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள். இரண்டு பேரும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள். கடைச் சாப்பாடு என்றால் டவுனில் ரொட்டியும் பிளேன்டீயும்தான். அதனால் தலவாக்கலையிலிருந்து வேன் பிடித்து நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனோம், மொத்தம் எட்டுப் பேர். பெரிய ஹோட்டல் இல்லை. பழைய வீடொன்றை மாற்றி, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் நடத்தும் சின்ன ரெஸ்டூரண்ட்.

போன வாரம் புக் பண்ணப் போனபோது மெனேஜர் பேசிய பேச்சு இருக்கிறதே! எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும், "அட, நம்ம ஆளுங்களா! என் பாட்டியும் கொழுந்து பறிச்சவங்கதான். அப்பா அம்மா விசேஷம்னா அது எங்க வீட்டு விசேஷம் மாதிரி" என்றார். உள்ளே போய்த் தானே டீ கொண்டுவந்து கொடுத்தார். சூப், பிரைட் ரைஸ், டெவல் சிக்கன், மீன், வட்டிலப்பம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,950. "வரி, சேவிஸ் சார்ஜ்?" என்று கேட்டேன். "எல்லாம் அதுக்குள்ளதான்" என்றார். கடை எக்கவுண்டில் ஏதோ சிக்கலாம், வேறொரு நம்பர் கொடுத்தார். அங்கேயே நின்று 10,000 ரூபா முற்பணம் போட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல? சிக்கன் முடிந்துவிட்டதாம். வட்டிலப்பத்துக்குப் பதில் ஜெலி.

பில்லைப் பார்த்ததும் தலை சுற்றியது. எட்டுப் பேருக்கு 23,600. அதற்கு மேல் சேவிஸ் சார்ஜ் 10 வீதம், அதற்கும் மேல் வற் வரி 18 வீதம், நாங்கள் கொண்டுபோன கேக்கை வெட்டியதற்கு 1,500. ஆக 32,133. முற்பணத்தைக் கழிக்கவே இல்லை.

கெஷியரிடம் ஸ்லிப்பைக் காட்டினேன். "அந்த எக்கவுண்ட் எங்களது இல்ல சேர். மெனேஜர் லீவு, அவர்கிட்டதான் கேக்கணும்." நான் குரலை உயர்த்தியதும் அப்பா பர்ஸை எடுத்துவிட்டார். "விடுப்பா, எல்லாரும் பாக்குறாங்க." அம்மா முகத்தைப் பார்த்து முழுசாகக் கட்டினேன். இந்த ஆட்கள் நம்பியிருப்பது இதைத்தான். கல்யாண நாளன்று பெற்றவர்கள் முன்னால் யார் சண்டை பிடிப்பார்கள்?

காலையில் மெனேஜருக்குக் கோல் எடுத்தேன். "பில் விஷயம் கெஷியர்தான்." கெஷியருக்கு எடுத்தால், "ஓனர் கொழும்புல, வந்தாத்தான்." ஸ்லிப்பை மெனேஜருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு என் நம்பரையே புளொக் பண்ணிவிட்டார், நம்ம ஆளு!

23,600க்குப் பேசியது, கையைவிட்டுப் போனது 42,133. மேலதிகமாக 18,533 ரூபா.

போகிறவர்கள் கவனியுங்கள். விலையில் என்னென்ன அடங்கும் என்பதை மெசேஜில் எழுதி வாங்குங்கள். தனி ஆள் எக்கவுண்டுக்கு முற்பணம் போடவே வேண்டாம். வற் பதிவு செய்யாத கடை வற் அறவிட முடியாது, பில்லில் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பில்லில் இல்லை. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் விவகார அதிகாரசபை, போன் நம்பர் 1977. ஸ்லிப்பையும் பில்லையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அங்கேதான் அடுத்த கோல்.