‘பசுமை’ கிச்சன் மேடைக்கு 1,12,000 ரூபாய் அழுதேன்: சென்னையில் வீடு புதுப்பிப்பவர்கள் படித்துவிடுங்கள்

யாராவது உங்களிடம் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த கிச்சன் மேடை’ என்று ஆரம்பித்தால், பர்ஸை மூடி வைத்துவிட்டு மேலே பேசச் சொல்லுங்கள். நான் 1,12,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. தென்சென்னையில் புதிதாக முளைத்திருக்கும் பசுமை இன்டீரியர் வகை ஷோரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமில் அழகான வீடியோ, உள்ளே மூங்கில் நாற்காலி, மணிபிளான்ட், சுக்கு காபி. எல்லாம் இருக்கும்.

என் மகளுக்கு வீசிங் உண்டு. போன முறை பெட்ரூமில் பார்ட்டிகிள் போர்டு அலமாரி செய்தபோது அந்தப் பசை வாசனையிலேயே அவள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டாள். அதனால் இந்த முறை பசை, ரெசின் (பிளாஸ்டிக் மாதிரி இறுகும் செயற்கைப் பிசின்) எதுவும் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். குவார்ட்ஸ் மேடையை எல்லோரும் சிபாரிசு செய்தார்கள். அது சுரங்கத்திலிருந்து வெட்டி வந்த கல் இல்லை. ஏறக்குறைய 90 சதவீதம் அரைத்த குவார்ட்ஸ், மீதி பாலியெஸ்டர் மாதிரியான ரெசின். அதை வெட்டும்போது பறக்கும் சிலிகா தூசியால் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது என்று ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டார்கள். மூங்கில் பலகையும் வேண்டாம் என்றேன். அதுவும் பட்டை பட்டையாகப் பசை போட்டு ஒட்டுவதுதான். சிங்க் ஓரத்தில், நம் ஊர்ப் புழுக்கத்தில் எத்தனை நாள் தாங்கும்?

இதையெல்லாம் கடையில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன். விற்பனையாளர் பையன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். “உங்களுக்கு மறுசுழற்சிக் கண்ணாடி மேடைதான் மேடம் சரி. உடைஞ்ச பாட்டிலை சிமென்ட்ல போட்டு வார்க்கிறோம். ஒரு சொட்டு ரெசின் கிடையாது” என்றான்.

அப்படி ஒரு பொருள் நிஜமாகவே உண்டு, அதுதான் வயிற்றெரிச்சல். கண்ணாடித் துண்டுகளை சிமென்டில் கலந்து வார்த்து, தேய்த்து பாலிஷ் போடுவார்கள். நம் பழைய மெட்ராஸ் வீடுகளின் மொசைக் தரை எப்படியோ அப்படி. அதே கண்ணாடித் துண்டுகளை ரெசினில் வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பாலிஷ் போட்டு மேலே பளபளவென்று வைத்துவிட்டால் கண்ணால் பார்த்து எது எது என்று சொல்வது கஷ்டம். இந்தக் கடை பிழைப்பு நடத்துவது அந்த இடைவெளியில்தான்.

அப்புறம் அந்த எலுமிச்சம்பழம். ஒரு சாம்பிள் துண்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பழத்தைப் பாதியாக வெட்டி, கல்லின் மேலும், பாலிஷ் போடாத வெட்டு முனையிலும் பிழிந்தான். “அப்படியே இருக்கட்டும் மேடம், நீங்க காபி குடிங்க” என்றான். குடித்து முடித்தோம். துணியால் துடைத்தான். ஒரு பொட்டுக் கறை இல்லை, மங்கல் இல்லை. “புளி, தக்காளி, எதுவும் ஒண்ணும் பண்ணாது. குக்கரை அடுப்புலேர்ந்து அப்படியே இறக்கலாம்.” என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முழுப் பணத்தையும் அன்றே கட்டினால் பொருத்துக் கூலி இலவசம் என்றான். கட்டினோம். 1,12,000.

பழைய மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பிளாட் 1990களில் கட்டியது, கடப்பா கல் மேடை. ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. அளவெடுக்க வந்தவன்தான் “இதெல்லாம் பழைய காலத்துக் கல்லு, அழுக்கு இறங்கிடும், நாங்களே ஃப்ரீயா எடுத்துட்டுப் போயிடறோம்” என்று சொல்லி, ஆளையும் அனுப்பி, இரண்டு பெரிய துண்டுகளையும் முழுசாகக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனான். முப்பது வருஷம் உழைத்த கல், இன்னும் முப்பது வருஷம் உழைத்திருக்கும். இயற்கையைக் காப்பாற்றுகிறேன் என்று பேசுகிற கடை முதலில் செய்தது அதைப் பெயர்த்ததுதான்.

புது ஸ்லாப் வந்தது. சிங்க்குக்கு ஓட்டை போட பால்கனியில் வைத்துக் கட்டரைப் போட்டார் மேஸ்திரி. தண்ணீர் விடவில்லை, மாஸ்க் இல்லை, மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். கட்டர் உள்ளே இறங்கியதும் எரியும் பிளாஸ்டிக் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. நான் ஓடிப்போய், என்ன இது என்று கேட்டேன். கடையே அனுப்பிய மனுஷர், பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்: “ரெசின் கல்லுன்னா இப்படித்தான்க்கா நாறும். சிமென்ட்டுன்னா வெறும் தூசிதான் வரும்.”

அங்கேயே நிறுத்தச் சொல்லிக் கடைக்குப் போன் போட்டேன். “அவருக்கு ஒண்ணும் தெரியாது மேடம், அது சீலர் வாசனை” என்றார்கள். சீலர் என்றால் கறை இறங்காமலிருக்க மேலே போடும் பூச்சு. வெட்டிய கல்லைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அடுப்பு இல்லாமல் எத்தனை நாள் ஓட்டலில் சாப்பிடுவது? பொருத்தினோம். மகளை என் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். அந்த வாரமே தோசைக்கல்லை இறக்கி வைத்த இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் விழுந்தது. ரெசின் கலந்த கல் 150 டிகிரி சூட்டுக்கு மேல் தாங்காது. தோசைக்கல் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

அதற்கப்புறம் ஆரம்பித்த அலைக்கழிப்பு இருக்கிறதே! பையன் “ஃபேக்டரில கேட்டுச் சொல்றேன்” என்றான். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. மேனேஜரிடம் போனால், “சூட்டுப் பாத்திரம் வெச்சா வாரண்டி கிடையாது மேடம்.” குக்கரை இறக்கலாம் என்று உங்கள் ஆள்தானே சொன்னான் என்றால், “எழுத்துல இருக்கா?” ரெசின் இல்லை என்றீர்களே என்றால், “கொஞ்சம்தான் மேடம், மீதி எல்லாம் ரீசைக்கிள். எகோ ஃப்ரெண்ட்லிதானே?” முதலாளி ஊரில் இல்லை, எப்போதும் ஊரில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. என் கடப்பா கல்லையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். சிரிக்கிறார்கள்.

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் அந்த எலுமிச்சம்பழம் மண்டையில் உறைத்தது. சிமென்டில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டால் அரிக்கும். மேலே சீலர் பூசியிருந்தால் கொஞ்ச நேரம் தாங்கலாம், ஆனால் சீலர் படாத வெட்டு முனை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் கட்டாயம் மங்கியிருக்கும். மங்கவே இல்லை என்றால் அது சிமென்டே இல்லை. அவன் எங்களை நம்ப வைக்கச் செய்த வேடிக்கையே அவன் சொன்னது பொய் என்பதற்கு ஆதாரம். இதே எலுமிச்சம்பழ வேடிக்கையின் வீடியோ இன்னும் அவர்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் லைக்குகளோடு.

பில்லை எடுத்துப் பார்த்தால் வெறும் ‘டெக்கரேட்டிவ் ஸ்லாப்’. கண்ணாடியும் இல்லை, சிமென்டும் இல்லை, பசுமையும் இல்லை. அவர்கள் அனுப்பிய பச்சை நிறச் சான்றிதழில் இருந்தது வேறு ஏதோ கம்பெனியின் பெயிண்ட்டின் பெயர்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்திருக்கிறேன். கடையின் பதில் வந்தது: ‘வாடிக்கையாளர் தவறாகப் பயன்படுத்தியுள்ளார்.’ அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆதாரமில்லாமல் ‘எகோ ஃப்ரெண்ட்லி’, ‘கிரீன்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதலே போட்டிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். 1,12,000 ரூபாயை அப்படியே விட்டுவிட நான் தயாரில்லை.

எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், தலை வலிக்கிறது. சுருக்கமாக: கண்ணாடி மேடை என்றால் எதில் வார்த்தது, சிமென்டா ரெசினா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சாம்பிள் துண்டு கேளுங்கள், மேஸ்திரி ஒருவரிடம் கொடுத்து வெட்டி மோந்து பாருங்கள். சான்றிதழில் அந்தப் பொருளின் பெயர் இருக்கிறதா என்று படியுங்கள். முழுப் பணம் கொடுக்காதீர்கள். கிரானைட் வாங்கினாலும் பின்பக்கம் வலை ஒட்டி ரெசின் ஏற்றியிருக்கிறார்களா என்று திருப்பிப் பாருங்கள். பழைய கல் இருந்தால் தயவுசெய்து யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் யாராவது வீடு இடிக்கிறீர்கள், கடப்பா கல் மேடை கழற்றுகிறீர்கள் என்றால் எனக்குச் சொல்லுங்கள். 2 அடி அகலம் வேண்டும், மூலை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. விலை கொடுத்து, வண்டியும் நானே கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன்.