பின் இருக்கையில் ஆறு ஆண்டுகள்: இருவராகச் சென்ற மலைப்பயணங்களின் அனுபவம்

மோட்டார் சைக்கிள் பயணங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வண்டியை ஓட்டுபவர்களாகவே இருக்கிறார்கள். பின்னால் அமர்ந்து வருபவரின் பார்வையில், அதுவும் ஒரே வண்டியில் பல ஆண்டுகள் பயணித்தவரின் பார்வையில் எழுதப்பட்டவை எனக்கு அரிதாகவே கிடைத்தன. அந்தக் குறையே இதை எழுதத் தூண்டியது.

எங்கள் வண்டி 400 சிசி திறன்கொண்ட, ஒற்றை சிலிண்டர் உடைய நெடும்பயண வகையைச் சேர்ந்தது. ஆறு ஆண்டுகளில் 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் நானும் என் கணவரும் சேர்ந்து சென்ற ஒன்பது மலைப்பயணங்களில் ஓடியது. அவற்றில் மிகக் குறுகியது 4 நாள், மிக நீண்டது 13 நாள். தனியாக ஓட்டும்போது குறை சொல்ல முடியாத இந்த வண்டி, இருவரும் சுமையும் ஏறியதும் வேறொரு வண்டியாகிவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு முதல் மூன்று பயணங்கள் தேவைப்பட்டன.

இருக்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியுடன் வந்த பின் இருக்கையின் பஞ்சு 18,000 கிலோமீட்டருக்குள் அமுங்கித் தட்டையாகிவிட்டது. அதன் மேல் போட்ட ஜெல் மெத்தை வெயிலில் சூடேறியதுடன், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் என்னை முன்னால் சறுக்க வைத்தது. காற்றடைத்த மெத்தை அதைவிட மேலானது, ஆனால் அதை முழுவதும் ஊதிவிடக் கூடாது. உட்கார்ந்தால் இருக்கையின் அடிப்பகுதியைத் தொடுவதற்குச் சற்று முன்பு நிற்கும் அளவுக்குக் காற்று இருந்தால் போதும். இறுதியில் பஞ்சையே மாற்றி, இருக்கையைச் சற்று அகலமாக்கி, முன்பக்கச் சரிவையும் குறைத்துத் தைக்கக் கொடுத்தோம். அந்தச் செலவை முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டும் என்று இருவருமே இன்று நினைக்கிறோம்.

சுமையை எங்கே வைப்பது என்பதில் நாங்கள் செய்த தவறு இதைவிடப் பெரியது. பின்பக்கப் பெட்டியில் இடம் இருக்கிறது என்பதற்காகக் கருவிகள், தண்ணீர், குளிர்கால உடைகள் அனைத்தையும் அதிலேயே அடைத்திருந்தோம். அந்தப் பெட்டி பின்சக்கர அச்சுக்கும் பின்னால், உயரத்தில் அமர்ந்திருப்பதால், ஏற்றமான கொண்டை ஊசி வளைவுகளில் முன்சக்கரம் இலேசாகிப் போவதை என் கணவர் கைப்பிடியில் உணர்ந்தார். பின்னால் நானோ வண்டி மெல்ல அலைவதை உணர்ந்தேன். ஏறக்குறைய எட்டு கிலோ எடையைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில், எங்கள் இருவரின் உடல்களுக்கும் நெருக்கமாக மாற்றி வைத்த அன்றே அந்த அலைவு நின்றது. பின்பக்க சஸ்பென்ஷனின் ப்ரீலோடை, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் அளவை, இருவருக்கும் சுமைக்கும் ஏற்றவாறு கூட்டுவதும், செயின் தளர்வை அந்தச் சுமையுடனேயே சரிபார்ப்பதும் அதே அளவு முக்கியம். சுமையில்லாமல் சரியாகத் தெரியும் செயின், நாங்கள் ஏறி அமர்ந்து பின்பகுதி அமுங்கியதும் இறுகிவிடுகிறது. பின்பகுதி தாழ்ந்தால் ஹெட்லைட் மேல்நோக்கிச் சென்று எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் என்பதையும், பலமுறை எதிர்வண்டிகள் விளக்கை அணைத்துக் காட்டிய பிறகுதான் கவனித்தோம்.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். இந்த ஆறு ஆண்டுகளில் நான் உண்மையாகவே பயந்த ஒரே நாள் இதனுடன் தொடர்புடையது. மூன்றாம் ஆண்டில், 1,000 மீட்டருக்கும் மேல் உயரம் குறையும் ஒரு நீண்ட இறக்கத்தில், பாதி வழியில் பின்பிரேக் மிதி எதிர்ப்பே இல்லாமல் கீழே போனது. முன்பிரேக் இருந்ததால் வண்டியை ஓரமாக நிறுத்த முடிந்தது. பின் டிஸ்க்கிலிருந்து வந்த வாடையும், அருகில் கையைக் கொண்டுபோக முடியாத சூடும் காரணத்தைச் சொல்லிவிட்டன. பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உருவாகியிருந்தன. திரவம் அழுத்தத்தை அப்படியே கடத்தும், ஆவியோ அமுங்கிவிடும், அதனால்தான் மிதி வெறுமையாக இறங்கியது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது, ஈரமேறிய நிலையில் அந்தக் கீழ்வரம்பு 155 டிகிரிதான். எங்கள் ஆயிலை மூன்று ஆண்டுகளாக மாற்றவே இல்லை.

ஆனால் பழைய ஆயில் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நான் என்பதை அன்று சாலையோரத்தில் பேசிப் பேசித்தான் கண்டறிந்தோம். முன்பிரேக்கை அழுத்தினால் நான் முன்னால் சரிந்து அவர் முதுகில் மோதுவேன், என் ஹெல்மெட் அவருடைய ஹெல்மெட்டில் இடிக்கும்; அதைத் தவிர்க்கவே அவர் இறக்கம் முழுவதும் பின்பிரேக்கை மெல்ல மிதித்தபடியே வந்திருக்கிறார். என் மீதான அக்கறையே பிரேக்கைச் சூடாக்கியிருந்தது. வண்டி, நாங்கள் இருவர், சுமை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 370 கிலோ. அந்த எடை 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஈடானது. அதன் பெரும்பகுதியை ஒரு சிறிய டிஸ்க்கின் தலையில் கட்டினால் அது என்ன செய்யும்? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எங்கள் இறங்கும் முறையே மாறிவிட்டது. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில், தேவைப்பட்டால் அதற்கும் ஒன்று குறைவாக, எஞ்சினின் பிடிப்பிலேயே இறங்குகிறோம். பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுவதும் விட்டுவிடுகிறார். நானோ முழங்கால்களால் அவர் இடுப்பை அணைத்து, ஒரு கையைப் பெட்ரோல் டேங்கின் மேல் ஊன்றி, என் எடையை நானே தாங்கிக்கொள்கிறேன். இதற்காகவே டேங்கின் மேல் வைக்கும் பையை மிகச் சிறியதாக மாற்றினோம். பிரேக் ஆயிலை இப்போது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம்.

பின்னால் அமர்வது சும்மா இருப்பது அன்று என்பதை அந்த நாளிலிருந்து நான் முழுமனதாக நம்புகிறேன். வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தால், உடல் தானாகவே வண்டியுடன் சரியான அளவில் சாய்கிறது. தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. நடைவேகத்தில் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் அசையவே கூடாது. நாங்கள் ஒரே ஒருமுறை கீழே விழுந்ததும் அப்படியொரு வளைவில் நான் படம் எடுக்கக் கையை நீட்டியபோதுதான்.

உயரம் வண்டியையும் உடலையும் ஒருசேரச் சோதிக்கிறது. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். காற்றுக்கேற்ப எரிபொருளை அளந்து செலுத்தும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருப்பதால் எஞ்சின் திணறுவதில்லை, ஆனால் இழந்த இழுவையை அதனால் மீட்டுத் தர முடியாது. சமவெளியில் மூன்றாம் கியரில் ஏறும் சரிவை அங்கே இரண்டாம் கியரில், சில இடங்களில் முதல் கியரில் ஏறுகிறோம். அவசரப்பட்டுப் பாதி கிளட்சில் இழுத்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோகும் என்பதால், இந்த மந்தத்தை ஏற்றுக்கொண்டு நாளொன்றுக்கு 150 முதல் 180 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடுவதில்லை.

உடலின் கதை இதைவிடக் கவலைக்குரியது, ஏனெனில் கால்நடையாக மூன்று நாளில் அடையும் உயரத்தை மோட்டார் சைக்கிள் அரை நாளில் அடைந்துவிடுகிறது. நான்காம் பயணத்தில் 2,000 மீட்டரிலிருந்து 3,600 மீட்டருக்கு ஒரே பகலில் ஏறினோம். மாலையில் எனக்குக் கடுமையான தலைவலி வந்தது; ஹெல்மெட் இறுக்கம் என்று நினைத்து, பயணம் கெட்டுவிடக் கூடாதே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். இரவில் வாந்தி எடுத்தேன், தூக்கமே இல்லை. அவருக்கு எந்த அறிகுறியும் இல்லாததால் அவராக ஊகிக்கவும் வழியில்லை. மறுநாள் காலையில் 600 மீட்டர் கீழே இறங்கிய பிறகே தலை தெளிந்தது. 3,000 மீட்டருக்கு மேல் சென்றுவிட்டால், இரவில் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்றும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வெடுக்க வேண்டும் என்றும் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதன்பின் எல்லாப் பயணங்களையும் அந்த அளவை வைத்தே வகுத்தோம். தலைவலி, குமட்டல் என்று எதுவாக இருந்தாலும் உடனே சொல்லிவிடுவதாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதை இருவருமே இதுவரை காப்பாற்றியிருக்கிறோம்.

பேசிக்கொள்ள வாங்கிய இன்டர்காம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய துணையாக இருந்தது. வளைவுக்கு அப்பால் தெரியும் லாரியை நானும், வரப்போகும் குழியை அவரும் சொல்லிக்கொள்ள முடிகிறது. கடுங்குளிரில் அதன் பேட்டரி பாதி நாளில் தீர்ந்துவிடுவதால் நிறுத்தும் இடங்களில் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறோம். மழை உடை எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் உட்காரும் இடத்துத் தையலில்தான் முதலில் ஒழுகும். கையுறை இரண்டு ஜோடி கட்டாயம் வேண்டும்.

இன்னும் தீராத குறை ஒன்று இருக்கிறது. பின்பக்கக் கால்மிதி உயரமாக இருப்பதால் இரண்டு மணி நேரத்தில் என் முழங்கால் மடக்கிலேயே இறுகி வலிக்கிறது. மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தும் இணைப்புத் தகடு ஒன்றைப் பொருத்தச் சொல்லியிருக்கிறோம். முழுச் சுமையுடன் வளைவில் சாயும்போது அது தரையில் உரசுகிறதா என்பதை அருகிலுள்ள ஒரு சிறிய மலைப்பாதையில் அரை நாள் ஓட்டிப் பார்த்த பிறகே பத்தாம் பயணத்துக்குப் புறப்படுவதாக இருக்கிறோம்.