ஒரே டிஎன்எஸ் ஜோனை நான்காக விற்றுவிட்டான் — போனது 23,600 ரூபாய்

நேற்று ராத்திரிதான் தெரிந்தது. தூக்கமே வரவில்லை. 23,600 ரூபாய்!

குமுளியில் சின்ன ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். வெளியூர் ஆர்டர் கூடியதால், வெப்சைட் செய்து தரும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வாங்கத் தெம்பில்லை. பையன் கட்டன் சாயா வரவழைத்தான். "டொமைன் ஃப்ரீ சேட்டா. ஜோனுக்கு மட்டும் காசு. ஒண்ணும் பேடிக்கண்டா" என்றான். டொமைன் என்றால் வெப்சைட்டின் பெயர்; ஜோன் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. நான் தமிழ்நாட்டுக் கம்பத்துக்காரன் என்று தெரிந்தும் இவ்வளவு மரியாதையா என்று அந்த 'சேட்டா'வில் விழுந்தேன்.

மெயின் பெயர் ஒன்று. அதற்கு முன்னால் ஷாப், பில், மெயில் என்று மூன்று. நான்கு பெயருக்கு நான்கு ஜோன், தலைக்கு 5,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 23,600. பில்லிலும் 'டிஎன்எஸ் ஜோன் – 4' என்றுதான் இருக்கிறது. டிஎன்எஸ் என்பது வெப்சைட் பெயர்களுக்கான முகவரிப் பட்டியல் மாதிரி. நியாயமாகத்தான் பட்டது, அங்கேயே போனில் அனுப்பிவிட்டேன்.

கம்ப்யூட்டர் படிக்கும் தங்கை மகன் நேற்று வந்திருந்தான். 'டிக்' என்று ஏதோ கட்டளை அடித்துப் பார்த்துச் சிரித்தான். "மாமா, நாலு பெயருக்கும் ஒரே எஸ்ஓஏதான் வருது. இருக்கிறதே ஒரு ஜோன்தான்." எஸ்ஓஏ என்பது ஜோனின் தலைப் பதிவாம்; ஜோன் ஒன்றுக்கு ஒன்று இருந்தே ஆகவேண்டுமாம். எனக்கு எங்கே புரிகிறது? அப்புறம் தோட்டக் கணக்கில் சொன்னான். டொமைன் என்பது மொத்த ஏலத்தோட்டம்: அந்தப் பெயரும் அதன் கீழ் வரும் எல்லாப் பெயரும். அதில் நாமே ஒரே கணக்கில் பார்த்துக்கொள்ளும் பகுதிதான் ஜோன். ஒரு மூலையைக் குத்தகைக்கு விட்டால், அதாவது 'இந்தப் பெயருக்கு இனி அந்த சர்வர்தான் பொறுப்பு' என்று என்எஸ் ரெக்கார்டு போட்டுத் தனியாக ஒப்படைத்தால், அந்த மூலை தனி ஜோன். டொமைன் என்று பார்த்தால் அதுவும் நம் தோட்டத்துக்குள்தான். குத்தகைக்கு விடாதவரை, எத்தனை பெயர் வைத்தாலும் நம் நோட்டில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு 5,000 வாங்கியிருக்கிறான். இந்த விதியெல்லாம் 1987-இலேயே எழுதி வைத்ததாம்.

காலையில் போன் செய்தேன். "சார் சைட்டில் இருக்கிறார்." அப்புறம், "டெக்னிக்கல் டீம் கோட்டயத்தில்." மூன்றாவது தடவை, "ப்ராபகேஷன் ஆகணும் சேட்டா, 48 மணிக்கூர்." ப்ராபகேஷன் என்றால் மாற்றிய விவரம் நெட் முழுக்கப் பரவுவதாம். பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்னய்யா ப்ராபகேஷன்? சத்தம் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மெயில் வருவது நின்றுவிட்டது. மெயில் எந்த சர்வருக்குப் போகணும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டையே தூக்கிவிட்டான். எங்கள் டிடிஎல், அதாவது மற்ற சர்வர்கள் பழைய விவரத்தை வைத்துக்கொள்ளும் நேரம், 3,600 நொடிதானாம். இதற்கு மட்டும் 48 மணிக்கூர் தேவைப்படவில்லை! டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூயிஸில் பார்த்தால், அது அவன் கடைப் பெயரில் இருக்கிறது. ஃப்ரீ என்றானே, அது இதற்குத்தான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் எதுவும் வரவில்லை. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் காசில் வாங்குங்கள். ஜோனுக்குத் தனிக் காசு என்றால் எஸ்ஓஏ காட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். பில்லைத் தொலைக்காதீர்கள். 23,600-க்கான என் பில் சட்டைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை அவன் ஷட்டர் தூக்கும்போது வாசலில் நிற்பேன்.