குடும்பம் சுமப்பவரின் கையில் மெசஞ்சர்: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள லக்கி பிளாசாவுக்குள் ஞாயிற்றுக்கிழமை நுழைந்தால், பணம் அனுப்பும் கடைகளின் முன் வரிசையில் நிற்கும் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களின் கைப்பேசியில் பெரும்பாலும் ஃபேஸ்புக்கின் அரட்டைச் செயலியான மெசஞ்சர்தான் திறந்திருக்கும். வாட்ஸ்அப்பே கதியென்று இருக்கும் நமக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் பிலிப்பைன்ஸ் கைப்பேசி நிறுவனமொன்று 2013-இல் ஃபேஸ்புக்கைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. மற்றவையும் அதே வழியில் சென்றதால், இன்று கிராமத்துப் பாட்டிகள்கூட அதில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் உழைக்கும் அந்நாட்டவர் 2023-இல் வீட்டுக்கு அனுப்பிய ரொக்கம் சுமார் 3,350 கோடி டாலர். அதைக் கேட்பதும், அனுப்பிய ரசீதைப் படமெடுத்துக் காட்டுவதும் பெரும்பாலும் இந்தச் செயலியில்தான் நடக்கின்றன என்பதால், குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரருக்கு இது எப்படிப்பட்ட கருவி என்ற ஒரே கேள்வியோடு இதை அணுகுகிறேன்.

காணொளி அழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டு வந்தவள், அது பள்ளிக்குப் போகும் வயதில் வீட்டுப்பாடம் எழுதுவதை இரவுதோறும் பார்க்க முடிகிறது. கடிதமும் ஒலிநாடாவும் அனுப்பிய தலைமுறைக்கு அது வாய்க்கவில்லை.

சிக்கல், நாம் இணையத்தில் இருப்பதை மற்றவர்களுக்குக் காட்டும் அந்தப் பச்சைப் புள்ளியில் இருக்கிறது. முன்பு மாதம் ஒருமுறை வந்த கோரிக்கை இப்போது எந்த நேரமும் வருகிறது. சம்பளத்துக்கு முந்தைய, ‘பெட்சா தே பெலிக்ரோ’ என்று அவர்களே அழைக்கும் ஆபத்தான நாள்களில், ‘ஆத்தே’, அதாவது அக்கா, என்று தொடங்கும் செய்திகள் குவிகின்றன. பார்த்துவிட்டதாக ‘சீன்’ விழுந்தபின் பேசாமலிருப்பது அவமதிப்பு. ‘உத்தாங் நா லோஓப்’ என்னும் நன்றிக்கடனை, நம் செஞ்சோற்றுக்கடனைப் பெற்றோர்மீது ஏற்றிப் பார்த்தால் ஓரளவு புரிந்துகொள்ளலாம். பிலிப்பைன்ஸின் 1987-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டமும், பராமரிக்கும் கடமையை உடன்பிறந்தார் வரை நீட்டுகிறது.

பச்சைப் புள்ளியை அணைக்க வழியுண்டு. ஆனால் அணைத்தால் மற்றவர்களின் புள்ளியும் நமக்குத் தெரியாது. பிள்ளை இன்னும் விழித்திருக்கிறானா என்று பார்க்க விரும்பும் தாய், தன் விளக்கையும் ஏற்றி வைத்தாக வேண்டும். இந்த வடிவமைப்பின் மிக மோசமான அம்சம் இதுவே. படித்ததைக் காட்டாமலிருக்கும் வசதியையும் மிகத் தாமதமாக, 2023 டிசம்பரில்தான் அறிவித்தார்கள்.

அறிமுகமில்லாத தூரத்து உறவினரின் செய்தி தனிப் பெட்டிக்குள் ஒதுங்குவது நல்ல ஏற்பாடு. அதைவிடப் பயனுள்ளது, ஒருவரைத் தடை செய்யாமலே ‘கட்டுப்படுத்தும்’ அமைப்பு: நாம் இணையத்தில் இருப்பதையோ படித்ததையோ அவர் அறியமாட்டார், உறவும் முறியாது. இதைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி ஒளித்து வைத்திருப்பதற்காகவே ஐந்துக்கு மூன்று மதிப்பெண். புதிதாக வேலைக்கு வருபவர், முதல் சம்பளம் கைக்கு வருமுன் அந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.