மதர்போர்டு சூடு பார்க்க லோயாட் பிளாசா போனேன்

கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோயாட் பிளாசாவில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்கு ஐந்து நட்சத்திரமும் தாராளமாகக் கொடுக்கலாம். என் டெஸ்க்டாப்பில் எச்டபிள்யூமானிட்டர் என்ற, சூட்டைக் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) ஒரு சென்சார் 127 டிகிரி, இன்னொன்று 68 என்று காட்டியது. வேறொரு கடையில் பெட்டியைத் திறக்காமலேயே "போர்டு போச்சு, மாத்திடுங்க" என்று 700 வெள்ளி கேட்டார்கள். தங்கையின் படிப்பு முழுக்க அந்தக் கணினியில்தான், அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இங்கிருந்த அண்ணன் முதலில் பயாஸுக்குள், அதாவது கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரைக்குள் போனார். அங்கே 127 என்ற எண்ணே இல்லை. எதோடும் இணைக்காத சென்சாரை மென்பொருள் படித்தால் இப்படித்தான் வரும், கூட்டல் கழித்தல் குறியோடு எண்ணும் எட்டு பிட் அளவீட்டில் அதுதான் உச்ச எண், நிஜமாகவே அவ்வளவு சூடென்றால் கம்ப்யூட்டர் எப்போதோ அணைந்திருக்கும் தம்பி என்றார்.

அப்புறம் அந்த 68. அது நிஜம். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு கேம் ஓடவிட்டார், கொஞ்ச நேரத்திலேயே எண் இறங்கியது, அப்படியென்றால் காற்றோட்டம்தான் கோளாறு. பின்பக்க விசிறிக்கு வெளியே ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தார். சூட்டை வெளியே தள்ள வேண்டிய விசிறி தாளை உள்ளே இழுத்து ஒட்டவைத்துக்கொண்டது! யாரோ திருப்பி மாட்டியிருக்கிறார்கள். முன்பக்க வடிகட்டியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது.

விசிறியைத் திருப்பி, தூசி தட்டி, மொத்தம் 40 வெள்ளி. இப்போது 51 டிகிரி, அதுவும் ஏர்கோன் இல்லாத அறையில்.

சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், ஒரு மணி நேரம் நின்றேன். பெட்டி கனமில்லை என்றால் மோனோரயிலிலேயே போய்விடுங்கள்.