மதுரை வரை போய் எடுத்த மார்பக ஸ்கேன்

இந்த முறை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்கு வந்ததில் முதல் வேலை, மதினியின் மார்பகப் பரிசோதனை. அவருடைய அம்மாவும் அக்காவும் மார்பகப் புற்றுநோயில் போனவர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா திரைக்குப் பின்னால் வைத்துப் பக்குவமாகப் பார்த்தார். கட்டி தட்டுப்படவில்லை. குடும்பக் கதையைக் கேட்டதும் மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, எழுதிக் கொடுத்தார்கள். அதில் அடர்த்தியான மார்பகம் என்று வந்தது. அடர்ந்த திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான், உள்ளே மறைந்துவிடும். அதனால் எம்.ஆர்.ஐ. சொன்னார்கள்.

அதற்கு மதுரை போனோம். ஸ்கேன் சென்டரில் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தித் திருகாணி இறுகிப்போய் வரவே இல்லை. தாலியைக் கழற்ற மதினி தயங்கியதும், அங்கிருந்த பெண் டப்பாவைத் திறந்து விரலி மஞ்சள் கட்டிய கயிறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இதற்கென்றே வைத்திருக்கிறார்களாம். அந்தப் பெண் நல்லா இருக்கணும். பிறகு குப்புறப் படுத்து, கையில் ஊசியோடு, அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்தார்.

அமெரிக்காவில் நான் இருக்கும் ஊரில் இதையே சுருக்கி, பத்து நிமிடத்தில் முடிக்கிற சேவையைத் தொடங்கியிருக்கிறார்கள். மெஷினும், படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசியும் அதேதான். புற்றுக்கட்டி மருந்தைச் சட்டென்று இழுத்துப் பளிச்சிடும் என்பதால், ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த சில படங்களே போதும். 2014-இல் ஜெர்மனியில் கதிரியக்க மருத்துவர் கிறிஸ்டியானே கூல் குழுவினர் மூன்று நிமிடம் படம் எடுத்தாலே இது முடியும் என்று காட்டினார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வில், அடர்த்தியான மார்பகமுள்ள 1,444 பெண்களில் 17 பேருக்கு ஊடுருவும் புற்று (சுற்றியுள்ள திசுவுக்குள் பரவும் வகை) இருந்தது. சுருக்க எம்.ஆர்.ஐ. 17-ஐயும் பிடித்தது, 3டி மேமோகிராம் 7-ஐத்தான்.

இந்தச் சுருக்க ஸ்கேனை இங்கேயும் எடுக்கலாமே என்று மதுரை ஸ்கேன் டாக்டரிடம் கேட்டேன். "எங்களுக்கும் தெரியும்மா, கேட்டு வர்றவங்கதான் இல்லை" என்றார். கேட்போமே! ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாரத்தில் ஒரு காலைப் பொழுதை இதற்கென ஒதுக்கினால், தொண்டியிலிருந்தும் பாம்பனிலிருந்தும் பெண்கள் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம்.

எடுக்கப் போகிறவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் பழைய மேமோகிராமையும் கையோடு கொண்டுபோங்கள். மாதவிடாய் நிற்காதவர்கள், அது தொடங்கி 7-லிருந்து 14-ஆம் நாளுக்குள் தேதி வாங்குங்கள். மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மதினிக்கு ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. அடுத்த வருஷமும் எடுக்கணும்.