நெஞ்செரிச்சலோடு வயிறும் திம்மென்று இருந்தால் எந்தச் சோதனை?

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் நாலு வாய் உள்ளே போனதுமே வயிறு நிரம்பிவிடுகிறது. படுத்தால் நெஞ்சு எரிகிறது. இரண்டுக்கும் சேர்த்து ‘கேஸ்’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார். எரிச்சல், அமிலம் மேலே ஏறுவதால் வருவது. நாலு வாயில் நிரம்புவதற்கு வயிற்றின் இயக்கக் கோளாறும் காரணமாகலாம்.

எண்டோஸ்கோபி புண்ணையும் கட்டியையும் காட்டும். எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, மலம் கறுத்தாலோ அதைத் தள்ளிப்போடவே கூடாது. சித்தப்பாவுக்கு எண்டோஸ்கோபியில் எதுவும் தெரியவில்லை. நெஞ்செரிச்சல் உள்ள பலருக்கும் இப்படித்தான்.

மூக்கு வழியே மெல்லிய குழாய் செலுத்தி 24 மணி நேரம் அமிலத்தை அளப்பது இன்னொன்று. உணவுக்குழாயில் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 4-க்குக் கீழே இருந்த நேரம் 6 சதவீதத்தைத் தாண்டினால் அமில ஏற்றம் உறுதி. மாத்திரைக்கு எரிச்சல் அடங்காதவர்களுக்கு இது பொருந்தும், சித்தப்பாவுக்கு அடங்கிவிட்டது.

மிஞ்சியது நிரம்பல். இங்கேதான் வயிற்றின் மின் அலைப் பதிவு வருகிறது. ஈ.சி.ஜி. போலவே, ஆனால் மின்முனைகளை வயிற்றுத் தோலில் ஒட்டுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பதிவு எடுப்பார்கள். அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ் 1921-லேயே செய்து பார்த்தது. வயிற்றுச் சுவரில் தாளம் போடும் காஹல் செல்கள் எழுப்பும் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 முறை வரவேண்டும். சாப்பிட்டதும் வலுக்க வேண்டும். நெஞ்செரிச்சலோடு உப்புசம், குமட்டலும் உள்ளவர்களிடம் இந்தத் தாளம் தப்புவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஊசியில்லை, குழாயில்லை. எனக்குப் பிடித்த சோதனைதான். ஆனாலும் முதலில் இதற்குப் பணம் கட்டச் சொல்லமாட்டேன். உடல் அசைந்தாலே பதிவு கெடும். அலை ஒழுங்காக இருந்தும் தசை சரியாகச் சுருங்காமல் போகலாம். தாளம் தப்பியது தெரிந்தாலும், எந்த மாத்திரை என்பதை அது மட்டும் சொல்லிவிடாது.

அதைவிட, வயிறு காலியாகும் வேகத்தைப் பார்க்கும் ஸ்கேன் நேரடியானது. சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து 4 மணி நேரம் படம் எடுப்பார்கள். முடிவில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கினால் தாமதம். அதுவும் சரியாக இருந்து குமட்டல் விடாமல் படுத்தினால், அப்போது மின் அலைப் பதிவுக்குப் போகலாம்.

திருவனந்தபுரம் போய் ஸ்கேன் எடுக்கச் சித்தப்பா சம்மதித்துவிட்டார். அங்கே வழக்கமாகக் கொடுப்பது முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி, ஜாம் என்று கேட்டதிலிருந்துதான் முகம் சுளிக்கிறார்.